ஒண்ணும் இல்லீங்க, ஜம்முனு இருக்கு

புரோட்டீன் என்றால் மற்றவர்களுக்கு முட்டையும் பயறும் ஞாபகம் வரும். எனக்கு ஒரு மனிதரின் சிரிப்புதான் ஞாபகம் வரும். போன வாரம் என் மகள் பேப்பர் படித்துக்கொண்டே, "அம்மா, எச்சில்லயும் ரத்தத்துலயும் இருக்கிற புரோட்டீன வெச்சே வாய்ப் புத்து எவ்ளோ முத்தியிருக்குன்னு கண்டுபிடிக்கப் பாக்குறாங்களாம்" என்றாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை டப்பென்று கீழே வைத்தேன். அவள் பயந்துவிட்டாள். எத்தனை வருஷம் போனாலும் அந்த மனிதர் மேல் எனக்கிருக்கும் கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு சைக்கிள் கடைக்கும் இஸ்திரிக் கடைக்கும் நடுவில், ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்தார் அவர். எண்பதுகளில் அந்தப் பக்கத்துக்கு அதுதான் பேர் போன லேப். பெயரைச் சொல்ல மாட்டேன். பிள்ளை குட்டிகள் இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்தார்கள் பாவம். எல்லோரும் 'லேப் சார்' என்பார்கள். இவ்வளவு கோபத்திலும் எனக்கு 'அவர்' என்றுதான் எழுத வருகிறது, பாருங்கள். அதுவும் அவருடைய சாமர்த்தியம்தான்.

வெள்ளை அரைக்கைச் சட்டை. நெற்றியில் சின்னதாகத் திருநீறு. பக்கத்தில் வந்தால் ஸ்பிரிட் வாசனை. ஊசி குத்தினால் வலிக்கவே வலிக்காது. குத்தி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து உஃப் என்று ஊதிவிடுவார், குழந்தைக்கும் சரி, கிழவருக்கும் சரி. வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு என்று ஒரு டப்பா நிறைய பிஸ்கட் வைத்திருப்பார். பெரிய மகள் வயிற்றில் இருந்தபோது நான் நடுங்கிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா பயம்? ஒண்ணும் இல்ல, ஜம்முனு இருக்கு" என்றார். இன்னும் ஊசியே போடவில்லை. அதற்குள் ஜம்முனு இருந்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன். நல்லபடியாகத்தான் பிள்ளையும் பிறந்தது. அந்த நல்லதில் பாதி அவர் கொடுத்தது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒண்ணும் இல்ல, ஜம்முனு இருக்கு. இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. சாமி பிரசாதம் மாதிரி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்வார். லேப்பில் ரிசல்ட் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்ட வேண்டும் அல்லவா? காட்ட மாட்டோம். அங்கேயே நின்று, "இன்னா சார் போட்டிருக்கு?" என்று கேட்போம். அவர் ஒண்ணும் இல்லை என்றால் தீர்ந்தது, கவரை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு நேராக பஸ் ஏறிவிடுவோம். மறுபடி டாக்டர் வீட்டு பெஞ்சில் யார் காத்துக் கிடப்பது? இது அவருக்கு நன்றாகத் தெரியும். தான் சொல்கிற வார்த்தைதான் கடைசி வார்த்தை என்று தெரிந்தேதான் அவர் சிரித்துக்கொண்டு சொல்வார்.

அவருடைய சம்சாரம் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பெருமுக்கல் பக்கம் பிறந்த வீடு. ஒரு நாள் காலையில் அப்பா செத்துப்போய்விட்டார் என்று லேப்புக்கு ஆள் வந்து சொல்லியிருக்கிறான். இவர் வீட்டுக்குப் போய், "உங்கப்பா உன்னப் பாக்கணும்னாராம், கெளம்பு, ஜல்தியா போய்ட்டு வந்துரலாம்" என்றிருக்கிறார். அந்த அம்மா சந்தோஷமாக அரக்கு பார்டர் வைத்த மஞ்சள் பட்டைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் என் வீட்டுக்காரர் பஸ்ஸில்தான் வந்தார்கள். அவர்தான் அந்த பஸ்ஸில் கண்டக்டர். வழியெல்லாம் லேப் சார் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாராம். திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் மாறி, ஊரில் இறங்கியதும் பறைச் சத்தம் கேட்டிருக்கிறது.

"சாவுக்குக் கட்டிக்கினு போற பொடவையாம்மா அது? எங்க அண்ணிங்க ஒரு பார்வ பாத்தாளுங்க பாரு. செத்தவரு மொகத்தப் பாக்குறதா, என் பட்டுப் பொடவைய மறைக்கிறதா?" என்று அந்த அம்மா என்னிடம் அழுதது. அப்போதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், பெண்டாட்டி வழியெல்லாம் அழக் கூடாது என்று பார்த்திருக்கிறார், என்ன மனசு என்று நினைத்தேன். ஊரே அப்படித்தான் நினைத்தது.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் போகிற பஸ். இறங்க ஆள் இருந்தால் ஒரு விசில், கிளம்பலாம் என்றால் இரண்டு விசில். கூட்டத்தில் கை மாட்டிக்கொண்டு விசில் ஊத முடியாவிட்டால் தகரத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். டிரைவர் கியரைப் போட்டுவிடுவார். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசல் நிலையில் டக் டக் என்று இரண்டு தட்டு. "ரைட்" என்பேன் நான். சாப்பாடு போதும் என்றாலும் தட்டின் விளிம்பில் டக் டக். வாயில்தான் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் இருக்குமே, பேச்சுக்கு எங்கே இடம்? இடது கன்னத்தில் ஒரு கொட்டைப் பாக்கு அளவுக்கு அடக்கிவைத்துக்கொண்டு அதோடேயே விசில் ஊதுவார்.

அந்த இடத்தில்தான் புண் வந்தது. முதலில் வெள்ளையாகப் படர்ந்தது. அப்புறம் சிவந்தது, குழிந்தது. "அங்கயே பொகையில வெச்சா மரத்துப் போவுதுடி, வலி தெரியல" என்று புண் மேலேயே வைத்துக்கொண்டார். கண்டுபிடித்தது நான் இல்லை, டிரைவர். ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணி, அண்ணன் விசிலு சரியில்ல. காத்துதான் வருது, சத்தம் வரல. கூட்டேரிப்பட்டுல ரெண்டு தபா ஆளு எறங்கணும்னு தெரியாம வண்டிய நிறுத்தாமப் போய்ட்டேன். வாயே தொறக்க மாட்டேங்குது அவருக்கு. ஜல்தியா டாக்டராண்ட காட்டுங்க."

திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தத்தில் புரோட்டீன் பார்க்க வேண்டும் என்று எழுதினார். "அந்த ரிசல்ட்ட எடுத்துக்கிட்டு வாங்க, அப்புறம் புண்ணுல கொஞ்சம் சதை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பணும்" என்றார். ஏன், எதற்கு, எவ்வளவு அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அது வேறு கணக்கு. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வெளிறிப்போய், "சதைய எடுத்தா பரவிடும்னு சொல்றாங்கடி. கத்தி பட்டா அவ்ளோதானாம்" என்றார். பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

புரோட்டீன் பார்க்கிற வசதி அப்போது திண்டிவனத்தில் இல்லை. நமக்குத் தெரிந்தவர் ஆயிற்றே என்று விழுப்புரத்துக்கே போனோம். தை மாதம். லேப் சார் ரத்தம் எடுத்தார், உஃப் என்று ஊதினார், சாயங்காலம் வரச் சொன்னார். சாயங்காலம் போனோம். அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். பார்க்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரே ஒரு நொடி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிமிர்ந்து என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பரீட்சை ரிசல்ட் கேட்க வந்த பையன் மாதிரி வேர்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "ஒண்ணும் இல்லீங்க கண்டக்டரே, ஜம்முனு இருக்கு. புரோட்டீன்தான் கொஞ்சம் கம்மியா இருக்கு. முட்ட, பயிறு, பாலுன்னு நல்லா சாப்புடுங்க, புண்ணு தன்னால ஆறிடும்."

"சதை எடுக்கணும்னாரே சார்?"

"அதுக்கு இன்னா அவசரம்? ரத்தமே இவ்ளோ சொல்லுதே. ஒடம்பு தேறட்டும், பாத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஒரு நொடியை, கண்ணாடி துடைத்த அந்த நொடியை, நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் அப்போது ஒலக்கூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எங்களுக்கு டிரெயினிங்கில் சார்ட் மாட்டிப் பாடம் நடத்தியிருந்தார்கள். புரதச் சத்து குறைந்தால் பிள்ளை வளராது, புண் ஆறாது, உடம்பு மெலியும். நானே அதை ஆயாக்களுக்கு ஒப்பித்திருக்கிறேன். அதனால் லேப் சார் சொன்னது எனக்கு அப்படியே பொருந்திப்போயிற்று. புண் ஆறவில்லை, ஆள் மெலிகிறார், புரோட்டீன் குறைவு. வேறென்ன வேண்டும்? ஊட்ட ஆரம்பித்தேன். அவித்த முட்டை. பாசிப்பயறு கஞ்சி. கேப்பைக் கூழில் பால். மென்று தின்ன முடியாமல் போனதும் வேர்க்கடலையை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், ஊறவைத்து அரைத்துப் பிழிந்து பால் எடுத்துக் கொடுத்தேன். வாய் இன்னும் இறுகியதும் பச்சை முட்டையை அடித்து ஸ்பூனில் ஊற்றினேன். "போதும்டி" என்று தட்டில் டக் டக் தட்டுவார். "ரைட் சொல்ல மாட்டேன், குடிங்க" என்று மல்லுக்கு நிற்பேன்.

தை போய், மாசி பங்குனி போய், வெயில் போய், ஆடி வந்துவிட்டது. முட்டை முட்டையாக ஊட்டி அந்தப் புண்ணை வளர்த்தேன் என்று என்னைச் சொல்லிக்கொள்வேன் என்று யாராவது எதிர்பார்த்தால், மாட்டேன். நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. படித்த மனுஷர் சொன்னார், கட்டியவள் செய்தேன். பழியை அவர் பங்குக்கு அவரே தூக்கிக்கொள்ளட்டும்.

கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு திரும்பவும் திண்டிவனம் டாக்டரிடம் ஓடினோம். அவர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார். "எங்கம்மா போய்த் தொலைஞ்சீங்க இத்தினி மாசம்?"

"புரோட்டீன் கம்மின்னு முட்ட குடுத்துக்கினு இருந்தேன் சார்" என்றேன்.

அவர் அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பிவைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "ரத்தத்துல ரெண்டு வகை புரோட்டீன் இருக்கும்மா. ஒண்ணு எறங்கிப் போயிருக்கு, ஒண்ணு ஏறிப் போயிருக்கு. இது சாப்பாட்டுக் குறை இல்ல. உள்ள ஏதோ பெருசா நடக்குது, ஒடம்பு அதோட மல்லுக்கட்டுதுன்னு அர்த்தம். இத மட்டும் வெச்சு இன்ன நோயின்னு சொல்ல முடியாது. ஆனா இந்தப் புண்ணையும் வெச்சுப் பாத்தா, அவசரம்னு கூவுது. அதுக்குத்தான எடுத்துக்கிட்டு வாங்கன்னேன்?"

மெட்ராஸுக்குப் போனோம். அங்கே சதை எடுத்துப் பார்த்து, புற்று என்றார்கள். வெயிலுக்கு முன்னால் வந்திருந்தால் கன்னத்தோடு போயிருக்கும் என்றார்கள். இப்போது தாடையில் பாதி, நாக்கில் ஒரு பங்கு.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு ஊருக்கு வந்ததும், மறுநாளே நான் விழுப்புரம் போனேன். லேப்பில் கூட்டம். ஒரு குழந்தையின் கையில் உஃப் என்று ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"தெரிஞ்சிதான் சொன்னீங்களா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "தெரியும்னு இல்லம்மா. சந்தேகம்தான். அவரு மொகத்தப் பாத்தேன். பயந்து கெடந்தாரு மனுஷன். நான் எப்டி அத வாயால சொல்லுவேன்? சொல்றது டாக்டரோட வேல இல்லியா?"

"அப்ப 'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்றது யாரு வேல?"

பதில் சொன்னது பெஞ்சில் இருந்தவர்கள். "இன்னாம்மா, சாரப் போய் இப்டிப் பேசற? தங்கமான மனுஷன்." "அவரு இன்னா பண்ணுவாரு, தலையெழுத்து." கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஒரு கிழவி என்னை வெளியே தள்ளாத குறை. கெட்டவனாக இருந்தால் அன்றைக்கு எனக்கு நாலு பேர் கூட நின்றிருப்பார்கள். நல்லவரிடம் நியாயம் கேட்கப் போனவளுக்குக் கிடைத்தது இதுதான். பிறகு விசாரித்தபோதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சர்க்கரை 'லேசா'த்தான் இருக்கு என்று அவர் சொல்லிக் கேட்டு, கடைசியில் கால் எடுத்த போஸ்ட்மாஸ்டர் ஒருவர். காமாலையை 'உடம்புச் சூடு' என்று கேட்டு வீட்டுக்குப் போன ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அவர்கள் வீடுகளிலும் அவரைத் திட்டுவாரில்லை.

ஆபரேஷன் ஆனது. கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் பாதி முகத்தோடு வீட்டுக்கு வந்தார். பேச்சு இல்லை. மூக்கில் குழாய். கொஞ்ச நாளில் கழுத்தில் மறுபடியும் கிளம்பிவிட்டது. இனி செய்வதற்கில்லை என்று மெட்ராஸில் என்னிடம் சொன்னார்கள். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தேறிவிட்டீர்கள், கலர் வந்துவிட்டது என்றார்கள். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்.

ஒரு மத்தியானம் லேப் சார் வந்தார். கையில் ஆப்பிள் பை. வாயே இல்லாதவருக்கு ஆப்பிள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். கலங்கித்தான் இருந்தது. ஆனால் வாய் பழைய வாய்தான்.

"அட, ஜம்முனு இருக்கீங்களே! அடுத்த மாசம் டியூட்டிக்குப் போய்டலாம்."

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்தார். தலையணைக்கு அடியில் கைவிட்டு விசிலை எடுத்தார். அங்கே அதை வைத்திருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மிச்சமிருந்த உதட்டில் வைத்து ஊதினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. காற்று போயிற்று, எச்சில் ஒழுகியது, சட்டை நனைந்தது. சத்தம் வரவில்லை. துளிக்கூட வரவில்லை.

"நல்லா கேக்குதே!" என்றார் லேப் சார். "பழைய சத்தம் அப்டியே வருது கண்டக்டரே!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "கேக்கல" என்றேன். "ஒரு சத்தமும் வரல. எச்சிதான் வருது. அவருக்கு ஒடம்பு தேறல, தேறவும் தேறாது. மெட்ராஸுல கைய விரிச்சிட்டாங்க."

லேப் சார் எழுந்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முகம் சிவந்து, குரல் நடுங்கி, "பொம்பளையா நீ? நோயாளி முன்னாடி இன்னா பேச்சு பேசற? ஈவு எரக்கம் இல்ல?" என்று கத்தினார். எத்தனை பேருடைய வியாதி அவர் கைக்குள் வந்து போயிருக்கும். எதன் மேலும் வராத கோபம் உண்மையைச் சொன்ன என் மேல் வந்தது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அழவில்லை. தலையை மெதுவாக ஆட்டினார், தெரியும் என்பது போல. ரொம்ப நாளாக ஒருவராவது சொல்லட்டும் என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது அந்த முகம். விசிலை என் கையில் வைத்து என் விரல்களை மூடினார். பிறகு லேப் சார் பக்கம் திரும்பி, கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டினார்.

டக் டக்.

எத்தனையோ தடவை அந்த பஸ்ஸில் போய் வந்தவர்தான் லேப் சார். அது என்ன என்று அவருக்குத் தெரியும். ஆப்பிள் பையை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி அவரை நிறுத்தி, "எப்டி இருக்காரு சார்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவர். "ஜம்முனு இருக்காரு."

கைக்குக் கிடைத்தது பித்தளைச் சொம்பு. வாசலுக்கு ஓடிவந்து வீசினேன். குழாயடிக் கல்லில் பட்டு உருண்டு போயிற்று. அவர் மேல் படவில்லை. படவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.